பாட்டுக்குப் பழகிய நாவும் ஓதக் கற்க வேண்டும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம், "வாருங்கள், இஷாவுக்குப் பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்து அல்ஹம்து சூராவைத் திருத்திக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள். "இனிமேல் என்ன ஹஸரத்! வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது" என்று சிரித்து மழுப்பிவிடுவார். சிரிப்புக்குப் பின்னால் இருப்பது வெட்கம். பேரன் வயதுப் பிள்ளைகளோடு பலகைக்கு முன் உட்கார்ந்து அலிஃப், பே சொல்ல வேண்டுமே என்ற வெட்கம். அந்த வெட்கத்திலேயே பலருடைய தொழுகை கடைசி மூச்சுவரை திருந்தாமலே போய்விடுகிறது.

குளத்தூர், விளாத்திகுளம், நாகலாபுரம், எட்டயபுரம் என்று பரவிக் கிடக்கும் கரிசல் சீமையில் இந்தக் குறை சற்று அதிகம். காரணம் தெரிந்ததுதான். மழையை நம்பிய பூமி இது. பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளைந்தால் உண்டு. இல்லையேல் கரிமூட்டம், உப்பளம், தீப்பெட்டி ஆபீஸ் என்று கூலிக்குப் போக வேண்டும். பிள்ளைப் பருவத்திலேயே வேலைக்குப் போனவர்கள், ஓதும் பள்ளியில் உட்கார்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அவர்களுடைய நாவு சும்மா இருக்கவில்லை. நம் கிராமங்களில் கிஸ்ஸாக்களையும் மாலைகளையும் பார்க்காமலே பாடும் பெரியவர்கள் இருந்தார்கள்; நோன்பு இரவுகளில் தாயிரா அடித்துப் பாடி ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்கள் இருந்தார்கள்; இன்றும் சில ஊர்களில் இருக்கிறார்கள். நூறு பாட்டுக்களை எதுகை தவறாமல் சொல்லும் அந்த நாவு, ஏழே ஆயத்துள்ள அல்ஹம்து சூராவில் தடுமாறுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. கலை வேறு, கல்வி வேறு. ஒன்று கைவந்தவருக்கு மற்றது தானாக வந்துவிடாது. கலை கைவந்த பின்பும் கல்விக்காக மாணவராய் உட்கார்ந்தவர்கள் நம் மார்க்கத்தில் உண்டா என்று பார்த்தால், முதல் பெயர் இந்தக் கரிசல் மண்ணிலேயே கிடைக்கிறது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது எட்டயபுரம். பாரதியார் 1882ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்று நாடு அறியும். அதே ஊர் மண்ணில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார் என்பதை நம்மவர்களிலேயே எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்? அவர் 17ஆம் நூற்றாண்டுக்காரர். எட்டயபுர அரண்மனையின் அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்தார். வடக்கிலிருந்து வந்த வாலை வாருதி என்ற புலவரைப் பதினாறு வயதிலேயே வாதில் வென்றார் என்றும், பின்னர் ஆசிரியர் இருந்த இடத்தில் தாமே அவைப்புலவரானார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அரண்மனைப் புலவர் என்றால் சாமானியம் அல்ல. பட்டும் பதக்கமும் உண்டு, பல்லக்கும் உண்டு. சபையில் அவர் சொன்னால் மறுசொல் கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சரித்திரத்தைத் தமிழில் பாடும் பணி வந்து சேர்ந்தது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்கள் கேட்டுக்கொண்டதாக வரலாறு. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. செய்யுள் இலக்கணத்தில் அவருக்குக் குறையில்லை. உவமை, வருணனை எல்லாம் கைகட்டி நிற்கும். ஆனால் பத்ரில் நடந்தது என்ன, ஹிஜ்ரத்தின் வழியில் நேர்ந்தது என்ன, யார் எந்தக் கோத்திரம், எந்த ஆயத்து எப்போது இறங்கியது என்பவையெல்லாம் கற்பனையால் வருபவை அல்லவே! அரபுக் கிதாபுகளில் இருந்த அந்த அறிவு ஆலிம்களின் நெஞ்சில்தான் இருந்தது. ஆகவே, அக்காலத்தின் பேராலிமான ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களைத் தேடிக் கீழக்கரைக்குப் போனார் புலவர். அப்பா அவர்கள் காயல்பட்டினத்தில் பிறந்தவர்கள். அரபியில் பாட்டும் நூலும் இயற்றியவர்கள். புலவர் சின்னப் பையனாக அவர்களிடம் போகவில்லை. ஊர் அறிந்த புலவராகப் போய், ஒன்றும் அறியாத மாணவராக நின்றார்.

முதலில் கிடைத்தது ஏமாற்றம். அரண்மனைப் புலவரின் கோலத்தைக் கண்ட அப்பா அவர்கள், இவரிடம் எப்படி நாயகத்தின் சரித்திரத்தைக் கொடுப்பது என்று தயங்கி மறுத்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. புலவர் மனம் உடைந்து பள்ளிவாசலில் படுத்திருந்தார். அன்றிரவு இருவருக்குமே கனவில் நாயகம் (ஸல்) அவர்கள் தோன்றினார்கள் என்றும், விடிந்ததும் அப்பா அவர்கள் புலவரை அழைத்து வேண்டிய செய்திகளைக் கொடுக்க இசைந்தார்கள் என்றும், பரங்கிப்பேட்டையில் இருந்த ஓர் ஆலிமிடமும் புலவர் பாடம் கேட்டார் என்றும் அந்த வரலாறு தொடர்கிறது.

இந்தக் கதையை மவ்லிது மேடைகளில் சொல்லும்போது கனவைத்தான் விரிவாகச் சொல்கிறோம். கனவு நற்செய்தியாக இருக்கலாம். ஷரீஅத்தில் அது சட்டத்துக்கு ஆதாரம் ஆகாது என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். எனக்கு அதிலும் முக்கியமாகத் தோன்றுவது கனவுக்கு முன்னும் பின்னும் நடந்தவை. மறுக்கப்பட்ட புலவர், "நான் எட்டயபுரத்து ஆஸ்தான புலவன், என்னையா திருப்பி அனுப்புகிறீர்கள்?" என்று பல்லக்கில் ஏறி ஊர் திரும்பவில்லை. பள்ளிவாசலிலேயே கிடந்தார். கற்பவரின் அதபு அது. இன்னொரு பக்கம், அப்பா அவர்கள் தயங்கியதற்கும் நியாயம் உண்டு. நாயகத்தின் சரித்திரம் ஓர் அமானத்து. அதை வாங்குகிறவர் அதற்குரிய பேணுதலோடு வைத்திருப்பாரா என்று பார்ப்பது கொடுப்பவரின் கடமை. ஆயினும் வந்தவரின் உள்ளம் தெரிந்ததும் அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஆலிம்களாகிய நாங்கள் படிக்க வேண்டிய இடம் இது. கிராமத்திலிருந்து தலைப்பாகையும் அழுக்கு வேட்டியுமாக, வாயில் வெற்றிலைக் கறையோடு வருகிற ஒரு முதியவரை, அவர் கோலத்தைப் பார்த்து, "நாளைக்கு வாருங்கள் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டால் அவர் நாளைக்கு வரமாட்டார். அதற்குப் பிறகு எப்போதுமே வராமல் போகலாம்.

அப்படிப் பாடம் கேட்டதன் பயன் சிறிதல்ல. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 விருத்தங்கள் தமிழுக்குக் கிடைத்தன. நூலை நிறைவேற்ற உதவிய அபுல்காசிம் மரைக்காயரைப் புலவர் நூலுக்குள்ளேயே பல இடங்களில் நன்றியோடு நினைவு கூர்கிறார். தொழுகை வந்த வரலாற்றுக்கு ஒரு படலம்; உமறு கத்தாப் (ரலி) அவர்கள் ஈமான் கொண்டதற்கு ஒரு படலம். மழைக்கு ஏங்கும் கரிசல் மண்ணிலிருந்து எழுந்த இந்தப் புலவர், காப்பியத் தொடக்கத்தில் அரபு நாட்டில் மழை கொட்டுவதையும் ஆறு பெருகுவதையும் வயல் விளைவதையும் தமிழ் மரபுப்படி பாடியிருக்கிறார்! அதைப் படித்து முகம் சுளிக்கும் இளம் மௌலவிகளைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது, அது கலை என்பதுதான். அங்கே அரபு நாட்டுப் பூகோளத்தைத் தேட வேண்டியதில்லை. அதே சமயம், காப்பியத்தில் வருபவை எல்லாம் ஒரே தரத்து அறிவிப்புகள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மானுக்குப் பிணை நின்ற படலத்தைக் கேட்டு நம் தாய்மார்கள் கண்ணீர் விடுவார்கள். அந்த நிகழ்ச்சிக்குரிய அறிவிப்புகள் பலமற்றவை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். பாட்டை நேசியுங்கள், சட்டத்தையும் அகீதாவையும் அவற்றுக்குரிய கிதாபிலிருந்து எடுங்கள். சரித்திரம் முழுவதையும் புலவர் பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பனீ அஹ்மது மரைக்காயர் பின்னர் 'சின்னச் சீறா' என்று பாடினார்.

கவிஞரை ஆலிமிடம் அனுப்பும் இந்த முறை கீழக்கரையில் தோன்றியதும் அல்ல. இதன் மூலம் மதீனாவில் இருக்கிறது.

ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு வந்தபோது அவர்களுக்கு அறுபது வயது அளவில் இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மன்னர்களின் அவைகளில் பாடிப் பரிசில் பெற்ற பழம் புலவர். குறைஷிக் கவிஞர்கள் நாயகம் (ஸல்) அவர்களை இழித்துப் பாடியபோது பதில் பாட முன்வந்தார்கள். உடனே பாடும்படி அனுமதி கிடைத்துவிட்டதா? இல்லை. நாயகம் (ஸல்) அவர்களே குறைஷிக் குலத்தவர் அல்லவா! குறைஷிகளைச் சாடும் சொல் நாயகத்தின் வம்சத்தையே தொட்டுவிடக் கூடாதே! ஆகவே, "அவசரப்பட வேண்டாம், குறைஷிகளின் வம்சாவளியை நன்கறிந்தவர் அபூபக்ர், அவரிடம் போய்த் தெரிந்துகொண்டு வாரும்" என்ற கருத்தில் கட்டளையிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. அறுபது வயதுப் புலவர் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போய் உட்கார்ந்து, இன்னாருக்கு இன்னார் மகன், இன்னாருக்கு இன்னார் மருமகன் என்று பாடம் கேட்டுத் திரும்பினார். வந்து, "பிசைந்த மாவிலிருந்து முடியை உருவுவதுபோல் தங்களைத் தனியே எடுத்துவிடுவேன்" என்று உறுதி சொன்னார். மஸ்ஜிதுந் நபவியில் அவருக்காக மிம்பர் போடப்பட்டது இதே ஹஸ்ஸானுக்குத்தான். மிம்பரைச் சொல்லும் நாம் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் அவர் கேட்ட பாடத்தையும் சொன்னால் நல்லது.

கவிஞர்களைப் பற்றி சூரத்துஷ் ஷுஅராவின் இறுதியில் வரும் ஆயத்துகளையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு அலைந்து, செய்யாததைச் சொல்லும் கவிஞர்களை அல்லாஹ் அங்கே கண்டிக்கிறான். அதைக் கேட்டு ஹஸ்ஸான், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா, கஅப் இப்னு மாலிக் (ரலி) ஆகியோர் அழுதுகொண்டே நாயகத்திடம் வந்தார்கள் என்று தஃப்ஸீர்களில் உள்ளது. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைப்பவர்களுக்கு அடுத்த ஆயத்து விலக்கு அளிக்கிறது. ஆகக் கலைக்கு மார்க்கம் பகையல்ல. ஈமானும் அமலும் கூட இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

லபீத் இப்னு ரபீஆ (ரலி) அவர்களின் பாதை வேறு. பனூ ஆமிர் கோத்திரத்துப் பாலைவன வாசி. முஅல்லகாத் என்று போற்றப்படும் பழம்பெரும் அரபுக் கவிதைகளில் ஒன்று இவருடையது. இவருடைய ஒரு சொல்லைக் கவிஞர் சொன்னவற்றுள் மிக உண்மையானது என்று நாயகம் (ஸல்) அவர்களே பாராட்டியிருக்கிறார்கள். முதுமையில் இஸ்லாத்தை ஏற்றவர். பிற்காலத்தில் கூஃபாவில் இருந்தபோது, உமர் (ரலி) அவர்கள், இஸ்லாத்துக்கு வந்த பின் பாடிய கவிதைகளை எழுதி அனுப்புமாறு அங்கிருந்த கவிஞர்களைக் கேட்டார்களாம். லபீத் அவர்கள் பகரா சூராவை எழுதிக் கொடுத்து, கவிதைக்குப் பதிலாக அல்லாஹ் தமக்கு இதைத் தந்துவிட்டான் என்றார்களாம். அவருடைய மானியத்தில் ஐந்நூறு கூட்டப்பட்டது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹஸ்ஸான் பாடிக்கொண்டே கற்றார். லபீத் பாட்டை வைத்துவிட்டுக் கற்றார். இரண்டையும் ஸஹாபாக்களிடம் காண்கிறோம். ஆகையால் ஊரில் பாடும் பெரியவரிடம் போய், "பாட்டை விட்டால்தான் பாடம்" என்று நிபந்தனை போடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. பாட்டில் ஷிர்க்கும் ஆபாசமும் இருந்தால் அது வேறு விஷயம்.

கவிஞர்கள் மட்டுமா? கைவினைஞர் ஒருவரைப் பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) என்று ஒருவர் உண்டு. கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். குராஸானில் மர்வு என்ற ஊர்க்காரர். சாவியோடும் உறுப்புகளோடும் நான்கே தானிய மணி எடையில் ஒரு பூட்டைச் செய்து காட்டினார் என்று எழுதுகிறார்கள். அவ்வளவு நுண்ணிய கை! முப்பது வயதில்தான் ஃபிக்ஹு படிக்கப் போனார். முதல் நாள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது ஒரு கிதாபின் தொடக்கத்தில் உள்ள மூன்றே சொற்கள். வீட்டு மாடியில் ஏறி இரவெல்லாம் அந்த மூன்று சொற்களையே உருப்போட்டார். விடியற்காலையில் கண் அயர்ந்தார். விழித்தபோது மூன்றும் மறந்து போயிருந்தன! வெளியே வந்தவரிடம் பக்கத்து வீட்டு அம்மாள், "இரவு முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி எங்களைத் தூங்கவிடவில்லையே" என்று அந்தச் சொற்களையே சொல்லிக் கடிந்துகொள்ள, அவளிடமிருந்தே மீண்டும் பாடம் செய்துகொண்டாராம். ஹிஜ்ரி 417இல் அவர் வஃபாத்தானபோது குராஸானின் ஷாஃபிஈ உலமாக்களுக்குத் தலைவராக இருந்தார். அந்த வட்டாரத்துச் சட்ட ஆய்வு முறையே அவருடைய மாணவர்கள் வழியாகத்தான் வளர்ந்தது. மறதிக்குப் பயந்து ஓத வராதவர்கள் இந்த மாடியை நினைத்துக்கொள்ளலாம்.

தலைவராக்கப்படுவதற்கு முன் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்ன சொல்லை இமாம் புகாரீ (ரஹ்) தம் ஸஹீஹில் கல்வி அத்தியாயத்தில் எடுத்துத் தருகிறார்கள். உடனே, அதற்குப் பின்னும்தான் என்று தாமே சேர்த்து, நபித்தோழர்கள் முதுமையில் கற்றார்கள் என்பதை எடுத்துக்காட்டுகிறார்கள். திர்மிதீயில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஜிப்ரீல் (அலை) அவர்களைச் சந்தித்தபோது நாயகம் (ஸல்) அவர்கள், தாம் எழுத்தறியாத சமுதாயத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதையும், அதில் கிழவிகளும் கிழவர்களும் சிறுவர் சிறுமியரும் ஏட்டையே தொட்டறியாதவர்களும் இருப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். குர்ஆன் ஏழு ஹர்ஃபுகளில் இறங்கியிருப்பதாக ஜிப்ரீல் (அலை) பதில் சொன்னார்கள். முதியவர்களின் நாவைப் பற்றிய கவலை நாயகத்துக்கு இருந்தது. நமக்கு ஏன் இல்லை?

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா ஓதுவது ருக்னு. அதன் எழுத்துகளையும் பிஸ்மி உட்பட அதில் உள்ள 14 ஷத்துகளையும் பேண வேண்டும். ஹனஃபி மத்ஹபில் குர்ஆனிலிருந்து ஓதுவது ஃபர்ளு, ஃபாத்திஹா ஓதுவது வாஜிபு. எந்த மத்ஹபானாலும் கற்க முடிந்தவர் கற்காமல் இருக்க அனுமதி இல்லை. பொருளை மாற்றும் தவறுகள் எவை என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. உதாரணமாக 'அன்அம்த' என்ற சொல்லை 'அன்அம்து' என்று ஓதிவிடுவார்கள். முதலாவது 'நீ அருள் புரிந்தாய்' என்று அல்லாஹ்வைப் பார்த்துச் சொல்வது. இரண்டாவது 'நான் அருள் புரிந்தேன்' என்றாகிவிடும்! ஓர் உகரத்தில் அடியான் எங்கே போய்விடுகிறான் பாருங்கள். 'இய்யாக' என்பதில் ஷத்தை விட்டு 'இயாக' என்றால் 'உன்னையே' என்ற பொருள் போய், சூரிய ஒளியைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடுகிறது என்று ஃபிக்ஹு கிதாபுகள் எச்சரிக்கின்றன. அல்ஹம்துவில் வருவது தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஹே. நம் தமிழ் நாவுக்கு அதுவும் ஐனும் ழாதும் பழக்கமில்லாதவை. பெரியவர்களை உடனே அங்கே நிறுத்தி வாட்ட வேண்டாம். முதலில் ஸபரும் பேஷும் திருந்தட்டும், பிறகு ஷத்து, அதன் பிறகு மக்ரஜ் என்று படிப்படியாகப் போகலாம்.

ஃபாத்திஹா இன்னும் வராதவர் என்ன செய்வது? ஷாஃபிஈ கிதாபுகளின்படி, கற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் குர்ஆனின் வேறு ஏழு ஆயத்துகள் தெரிந்தால் அவற்றை ஓத வேண்டும். அதுவும் தெரியாதவர் திக்ருகளைச் சொல்ல வேண்டும். எதுவுமே வராதவர் ஃபாத்திஹா ஓதும் நேரம் அளவுக்கு நிற்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பை அதன் இடத்தில் ஓதக் கூடாது. குர்ஆனிலிருந்து எதையும் மனனம் செய்ய இயலவில்லை என்று முறையிட்ட ஒருவருக்கு, நாயகம் (ஸல்) அவர்கள் தஸ்பீஹ், தஹ்மீத், தஹ்லீல், தக்பீர், ஹவ்கலா ஆகியவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அந்த மனிதர் அதோடு போய்விடவில்லை. இவை அல்லாஹ்வுக்கு உரியவை, எனக்கு என்ன என்று கேட்டு, தமக்காகக் கேட்கும் துஆவையும் வாங்கிக்கொண்டுதான் போனார்!

முயன்றும் நாவு வளையாதவரின் தொழுகை அவருக்கு நிறைவேறும். சரளமாக ஓதுபவர்களுக்கு அவர் இமாமாக நிற்கக் கூடாது, அவ்வளவே. திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் இந்த நற்செய்தி முயல்கிறவருக்கு உரியது. "பிலால் (ரலி) அவர்களுக்கே ஷீன் வராதாம், ஸீன் என்றுதான் பாங்கு சொன்னார்களாம், அல்லாஹ் ஏற்றுக்கொண்டானாம்" என்று சிலர் ஒரு கதையைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். அந்தக் கதைக்கு அடிப்படையே இல்லை என்று ஹாஃபிழ் மிஸ்ஸீ, இப்னு கஸீர் (ரஹ்) போன்றோர் தெளிவுபடுத்திவிட்டார்கள். பிலால் (ரலி) அவர்கள் இனிய குரலும் தெளிந்த உச்சரிப்பும் உடையவர்கள். பயான்களில் அந்தக் கதையை இனியாவது விட்டுவிட வேண்டும்.

பல்லாண்டுகள் தவறாக ஓதித் தொழுத தொழுகைகளின் நிலை என்ன என்ற கேள்வி முதியவர்களை மிகவும் வாட்டுகிறது. ஓதவே வராமல் இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தவறு எத்தகையது, கற்க வாய்ப்பு இருந்ததா, எந்த மத்ஹபு என்பவற்றைப் பொறுத்துச் சட்டம் மாறும். பத்திரிகையில் பொதுவாகப் பதில் எழுதிப் பீதியைக் கிளப்பக் கூடாது. தங்கள் ஆலிமிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் இன்றைய தொழுகையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தார் இதற்கென்று செய்யக்கூடியது அதிகச் செலவில்லாத காரியம். பெரியவர்களைப் பிள்ளைகளின் மக்தப் நேரத்தில் உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்குத் தனி நேரம் வேண்டும். நம் பக்கத்தில் தையும் மாசியும் களத்துவேலைக் காலம், புரட்டாசியும் ஐப்பசியும் விதைப்பு; இடையில் கோடையில் இரவுகள் ஓய்வாகக் கிடைக்கின்றன. இஷாவுக்குப் பின் கால் மணி நேரம், வாரத்துக்கு ஓர் ஆயத்து என்றால் ஏழு வாரத்தில் ஃபாத்திஹா முடிந்துவிடும். அத்தஹிய்யாத்துக்கு இன்னும் சில வாரங்கள் போதும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வரும் பெண்களுக்கு அந்த நேரமும் ஒத்துவராது. அவர்களுக்கு ஓதத் தெரிந்த ஒரு பெண்மணி வெள்ளிக்கிழமை பகலில் வீட்டில் சொல்லிக் கொடுக்கலாம். ஸஃப்பில் நிற்கும்போது முதியவரின் தவறைச் சத்தம் போட்டுத் திருத்துவது கூடாது. கிராமத்திலிருந்து புதிதாக வந்த முஆவியா இப்னு ஹகம் (ரலி) அவர்கள் தொழுகைக்குள்ளேயே பேசிவிட்டபோது, சுற்றியிருந்தவர்கள் தொடையில் அடித்து முறைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ தொழுகை முடிந்தபின் கடுகடுக்காமல், ஏசாமல், அடிக்காமல் விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தக் கிராமத்துத் தோழரே சாட்சி சொன்னார்.

பாடும் பெரியவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அவர்களுடைய காது பழகிய காது. நெடில் குறில் வேற்றுமை உடனே பிடிபடும். மத்து எங்கே நீள்கிறது என்று சொன்னால் எழுத்துத் தெரியாமலே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் பாட்டு மெட்டில் ஃபாத்திஹாவை இழுத்துவிடும் பழக்கமும் அவர்களுக்கு வந்துவிடும். அதை ஆரம்பத்திலேயே பக்குவமாகத் தடுக்க வேண்டும். இப்போது எல்லா வீட்டிலும் கைபேசி இருக்கிறது. நல்ல காரீகளின் ஓதலைக் கேட்கலாம், கேளுங்கள். ஆனால் அது உங்கள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுத் திருத்தித் தராது. அதற்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் பேரனாக இருந்தால் என்ன? "அவனிடம் போயா நான் ஓதுவது?" என்று கேட்கும் அத்தாமார்களுக்காக அம்ர் இப்னு ஸலிமா (ரலி) அவர்களின் செய்தியைச் சொல்கிறேன், புகாரீயில் இருக்கிறது. அவருடைய மக்கள் வழிப்போக்கர்கள் கடந்து செல்லும் ஒரு நீர்நிலையருகே வாழ்ந்த கிராமத்தார். வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டுக் கேட்டு, அந்தச் சிறுவர் குர்ஆனின் பகுதிகளை நெஞ்சில் ஏற்றிக்கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அவருடைய தந்தை நாயகத்திடம் சென்று இஸ்லாத்தை ஏற்றுத் திரும்பினார். குர்ஆன் அதிகம் தெரிந்தவர் உங்களுக்கு இமாமாக நிற்கட்டும் என்ற கட்டளையையும் கொண்டுவந்தார். ஊரில் தேடிப் பார்த்தால் அதிகம் தெரிந்தவர் இந்தச் சிறுவர்தான். வயது ஆறோ ஏழோ. பெரியவர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பருவம் அடையாத சிறுவர் பெரியவர்களுக்கு ஃபர்ளில் இமாமாக நிற்பதை ஷாஃபிஈ மத்ஹபு ஏற்கிறது, ஹனஃபி மத்ஹபு ஏற்பதில்லை. அது தனி ஆய்வு. சிறுவரிடமிருந்து பெரியவர் கற்பதில் எந்த மத்ஹபிலும் தடையில்லை. அவர் உடுத்தியிருந்த துணி சிறியது. ஸுஜூதில் போகும்போது மேலே ஏறிவிடும். கோத்திரத்துப் பெண் ஒருத்தி அதைச் சுட்டிக் காட்டினாள். உடனே எல்லோரும் சேர்ந்து துணி வாங்கித் தங்கள் சின்ன இமாமுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்கு மகிழ்ந்ததுபோல் வேறெதற்கும் மகிழ்ந்ததில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.